தண்ணீர் வந்தால் இரண்டு தட்டு

என் வேலை சுவர்களில் மோதுவது. வாஷியில் ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, திரைக்குள் இருக்கும் நகரத்தின் ஒவ்வொரு சுவரிலும் ஒரு பெண்ணை நடத்திக்கொண்டுபோய் முட்டவைக்கிறேன். முட்டி நின்றால் சரி. சுவருக்குள் புகுந்துவிட்டால் எழுதிவைக்கிறேன்: எந்தத் தெரு, எந்த மூலை, எந்தக் கோணத்தில் வந்தபோது, எத்தனை முறைக்கு ஒரு முறை.

அது ஒரு மாயக்கதை விளையாட்டு. அதில் ஒரே இடத்தில் இரண்டு நகரங்கள் இருக்கின்றன. ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் நிழல் விழாத ஒரு கூட்டம். அதே தெருக்கள், அதே கிணறு, அதே படிக்கட்டு. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் ஓர் எல்லை. சில இடங்களில் அது மெலிந்திருக்கும். தெருவிளக்கு ஏற்றும் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் போய்விட்ட தன் தங்கையைத் தேடி அப்படிப்பட்ட இடங்கள் வழியாகக் கடந்துபோகிறாள். மெலிந்த இடங்களில் மட்டும் அவள் கடக்க வேண்டும், மற்ற இடங்களில் கடக்கக் கூடாது. இரண்டையும் உறுதிசெய்வதற்குத்தான் நான்.

இந்த வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் சுவரும் ஆளைத் தடுக்கும் சுவரும் விளையாட்டுக்குள் இரண்டு தனிப் பொருள்கள். முதலில் செங்கல், காரை, பாசி எல்லாம் சேர்த்துப் பார்க்கிற சுவரை வரைவார்கள். பிறகு அதே இடத்தில், ஆளைத் தடுப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைப்பார்கள். இரண்டாவதை மறந்துவிட்டால் சுவர் இருக்கும், ஆனால் தடுக்காது. முதலாவதை மறந்துவிட்டால் வெட்டவெளியில் நெற்றி இடிக்கும்.

போன வருடம் ஒரு கூட்டத்தில், எல்லை மெலிந்திருப்பதை ஆடுபவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற கேள்வி வந்தது. கதை எழுதுபவர் ஒரு மராத்தி இளைஞர். நீல வெளிச்சம் என்றார். இன்னொருவர் பனிமூட்டம் என்றார். இரண்டுமே வேறு விளையாட்டுகளில் பார்த்துச் சலித்தவை. நான் பொதுவாகக் கூட்டங்களில் பேசுவதில்லை, எழுதித்தான் அனுப்புவேன். அன்று பேசிவிட்டேன். தட்டிப் பார்க்கட்டும், மெல்லிய சுவர் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வரட்டும் என்றேன். கதவைத் தட்டுவதா என்று கேட்டார்கள். இல்லை, சுவரை. உனக்கு எங்கிருந்து இது தோன்றியது என்று கதைக்காரர் கேட்டபோது, எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீடு தாராவியில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒற்றைச் செங்கல் சுவர், ஆள் உயரத்துக்கு மேல் தகரம். சுவருக்கு அந்தப் பக்கம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். மேல்தளத்தில் தோல்பை தைக்கிற பட்டறை. அந்த வீட்டுப் பெண்மணியை அந்த வீட்டில் இருந்த அவர் கணவருடைய அண்ணன் பிள்ளைகளைப் பார்த்து நானும் சாச்சி, அதாவது சித்தி, என்றே கூப்பிடுவேன். அம்மாவும் சாச்சியும் ஒருவரையொருவர் அண்ணி முறையில் மைனி என்பார்கள்.

எங்கள் சந்தில் காலை ஐந்து மணிவாக்கில் தண்ணீர் வரும். சில நாள் முன்னதாக, சில நாள் பின்னதாக. முதலில் யார் குழாயில் காற்று சீறுகிறதோ அவர்கள் பக்கத்துச் சுவரை இரண்டு முறை தட்ட வேண்டும். கேட்டவர்கள் ஒரு முறை தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டுக்கு, கேட்டுவிட்டது என்று பொருள். பிறகு அவர்கள் தங்கள் அடுத்த சுவரில் இரண்டு தட்டு. இப்படியே சந்தின் கடைசி வீடு வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மூன்று தட்டுக்கு வேறு பொருள்: வா. எதற்கு என்று கேட்கக் கூடாது. போய்விட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மீன் நன்றாக இருக்கிறது, ருசி பார் என்பார்கள். ஒருமுறை சாச்சி மூன்று தட்டுத் தட்டினார். போய்ப் பார்த்தால் அவரைப் பெற்ற அத்தா ஊரில் இறந்துபோன செய்தி வந்திருந்தது. அதற்கும் மூன்றுதான்.

எனக்கு வேலை கிடைத்ததும் செம்பூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். காரணங்களைப் பட்டியலாக எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் என் கையெழுத்து வராது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. லிஃப்ட். அம்மாவின் முழங்கால். எனக்கு வாஷிக்கு ஒரே ரயில். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க பக்கத்துல யாரு இருக்கா?" என்றார். அது என் பட்டியலில் இல்லை.

அப்பா அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். விடிவதற்குள் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போவது அம்மா மட்டும். அதனால் முடிவு அம்மாவுடையது என்று அப்பா சொல்லிவிட்டார். பம்பாயில் வாடகை அக்ரிமென்ட் பதினோரு மாதத்துக்குப் போடுவார்கள். அம்மாவும் அதே கணக்கை எடுத்துக்கொண்டார். பதினோரு மாதம் பார்ப்பது, ஒட்டவில்லை என்றால் தாராவிக்கே திரும்பிவிடுவது. வீட்டைப் பூட்டிச் சாவியைச் சாச்சியிடம் கொடுத்தோம்.

ஜூன் மழையில் சாமான் ஏற்றி வந்தோம். மூன்றாம் மாடி, கட்டடத்தின் ஓரத்து வீடு. காலை ஆறரைக்கு குடியிருப்பு சொசைட்டியின் வாட்ச்மேன் வால்வைத் திறப்பார், எட்டரைக்கு மூடுவார். முதல் நாள் காலை சமையலறைக் குழாயில் காற்று சீறியது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நேராகப் போய்ச் சுவரில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். யோசித்துச் செய்யவில்லை, இருபது வருடக் கை. பிறகுதான் எந்த ஊரில், எந்த வீட்டில் நிற்கிறோம் என்று நினைவு வந்து, என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார்.

அப்போது சுவரிலிருந்து ஒரு தட்டு வந்தது.

"பாத்தியாட்டி," என்றார் அம்மா. "இங்கயும் ஆள் இருக்கு."

நான் வாய் கொப்பளித்துவிட்டு வந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். ஓரத்து வீட்டின் ஓரத்துச் சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. மூன்று மாடி உயரத்தில் வெறும் காற்று.

அம்மாவிடம் சொன்னேன். அதனால் என்ன, பதில் வந்ததுதானே என்றார். மறுநாளும் தட்டினார். மறுநாளும் வந்தது. ஊருக்குப் போன் பேசும்போது செம்பூர் எப்படி என்று கேட்டவர்களிடம், பரவாயில்லை, தட்டினால் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு மனம் ஓடவில்லை. அம்மா இங்கே தங்குவது எந்தச் சுவரின் மேல் நிற்கிறதோ, அந்தச் சுவருக்கு மறுபக்கமே இல்லை.

அலுவலகத்தில் ஒரு கோளாறு வந்தால் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். சாத்தியங்களை எழுதினேன்: எதிரொலி, புறா, குழாய்க்குள் அடைபட்ட காற்று, கீழ் வீடு, மேல் வீடு. ஆறாவதாக எதையோ எழுதப்போய், எழுதாமல் விட்டேன். நாள் முழுவதும் இரண்டு உலகங்களின் எல்லையில் வேலை பார்ப்பவளுக்கு ஆறாவதாக என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே இறங்கிப்போய்க் காம்பவுண்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சாயம் மங்கிய சுவர், மழைக்கறை, ஒரு கழிவுநீர்க் குழாய். புறா உட்கார விளிம்புகூட இல்லை. பட்டியலில் புறாவை அடித்துவிட்டேன்.

பிறகு இரண்டு வாரம் போனைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பதிவுசெய்தேன். அம்மாவின் தட்டுக்கும் பதிலுக்கும் இடையே ஒரு நாள் மூன்று விநாடி, ஒரு நாள் ஒன்பது. எதிரொலி இப்படி யோசிக்காது. குழாய்க் காற்றாக இருந்தால் அம்மா தட்டினாலும் தட்டாவிட்டாலும் சத்தம் வர வேண்டும். ஒரு நாள் அம்மாவைத் தட்டாதே என்று கெஞ்சி நிறுத்திவைத்தேன், சத்தம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதில் ரொம்பத் தாமதமாக வந்தது, ஒரு ஞாயிறு வரவே இல்லை. எதிரொலிக்கோ குழாய்க்கோ ஞாயிற்றுக்கிழமை கிடையாது. யாரோ ஓர் ஆள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. மிச்சம் மேல் வீடு.

நான்காம் மாடியில் ஒரு மாமி தனியாக இருந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஒரு பெரிய கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மாலை மணியை அடித்தேன். கதவை முழுவதும் திறக்காமல், கீழ் வீட்டுப் பெண்தானே என்றார். நான் தொடங்குவதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"நானே வரணும்னு இருந்தேன். உங்கம்மாகிட்ட சொல்லு, நான் மிக்ஸி போடறது மொத்தமா ரெண்டு நிமிஷம். அதுக்குக் காத்தால டங்கு டங்குனு இடிக்கறது நன்னா இல்லை. நானும் போனாப் போறதுன்னு ஒவ்வொரு நாளும் பாதில நிறுத்திட்டு, நிறுத்தியாச்சுன்னு குழவியால ஒரு போடு போடறேன். ரெண்டு மாசமா இந்தாத்துல சட்னி சட்னியாவே இல்லை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. மாமி தரையில் கோபமாகப் போட்ட ஒரு போடு, தளத்தின் வழியாகச் சுவரில் இறங்கி, எங்கள் சமையலறையில் "கேட்டுவிட்டது" என்று ஆகியிருந்தது. அம்மாவின் "தண்ணீர் வந்துவிட்டது" மேலே ஏறும்போது "மிக்ஸியை நிறுத்து" என்று ஆகியிருந்தது. இரண்டு மாதமாக இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் தவறாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்றபடியே தாராவி வழக்கத்தைச் சொன்னேன். இரண்டு, ஒன்று, மூன்று. மாமி குறுக்கிடாமல் கேட்டார். "இங்கதான் டேங்க் இருக்கே, தண்ணி வந்தா எனக்கென்ன?" என்றார். தெரியும், அது அம்மாவின் கைப்பழக்கம், இனி தட்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கதவைச் சாத்தப்போனவர் மறுபடி கொஞ்சம் திறந்தார். மூன்றுக்கு என்ன என்று சொன்னாய் என்று திரும்பக் கேட்டார். வா என்று பொருள் என்றேன். "எதுக்குன்னு கேக்கப்படாதாக்கும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை அம்மா வழக்கம்போல் இரண்டு தட்டினார். தடுக்கப் போனவள் தடுக்கவில்லை. மேலே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. அது ஓடி முடிந்த பிறகு ஒரு தட்டு வந்தது. அது கோபத் தட்டா, பதில் தட்டா என்று எனக்குத் தெரியவில்லை. பதிவை முன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒலி அலை கொஞ்சம் சின்னதாக இருந்தது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் "தெரிந்த கோளாறு" என்று ஒரு வகை உண்டு. கோளாறுதான், ஆனால் திருத்தப்போனால் வேறொன்று உடையும்; அதனால் எழுதிவைத்துவிட்டு அப்படியே விடுவது. அதில் இதைச் சேர்த்தேன்.

இதற்கிடையில் விளையாட்டில் தட்டும் சுவர்கள் வந்துவிட்டன. விளக்குக்காரி தட்டுவாள், மெல்லிய சுவர் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வரும், கடந்துபோவாள். கோளாறே இல்லாமல் வேலை செய்தது. ஆனால் ஆடிப் பார்த்தவர்கள் நான்காவது சுவர் வருவதற்குள் சலித்துப்போனார்கள். என்ன குறை என்று கதைக்காரர் என்னைக் கேட்டார். நான் ஒரு வாரம் யோசித்து எழுதி அனுப்பினேன். அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் தட்டுவதற்கென்று சொந்த வழக்கம் இருக்கும். நம்முடைய இரண்டு அவர்களுக்கு இரண்டு அல்ல. பதில் வருகிறது என்பதால் புரிந்துவிட்டது என்று பொருளில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரியும். கதைக்காரர் என் இருக்கைக்கே எழுந்து வந்து, "யே கஹாங் ஸே லாயீ?", இதை எங்கிருந்து கொண்டுவந்தாய், என்றார். மேல் மாடியிலிருந்து என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே அந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தட்டு மொழியை எழுத உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு தட்டு என்றால் "போய்விடு".

ஏப்ரல் கடைசியில் அக்ரிமென்ட் முடிந்தது. ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லேப்டாப்பும் கைரேகைக் கருவியுமாக வருவதாகச் சொன்னார். புதுப்பிக்க இரண்டு சாட்சி வேண்டும். போன முறை சாச்சியும் அவர் கணவரும் வந்தார்கள். இப்போது அவர்கள் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். இன்னொரு சாட்சி இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அம்மா இன்னும் முடிவைச் சொல்லவில்லை. வியாழன் கேட்டேன், பார்க்கலாம் என்றார். வெள்ளி கேட்டேன், மாவு அரைக்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இல்லாத ஒன்றை நம்பி அம்மா இங்கே இருக்க முடிவெடுத்தால் அது என் தப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸி, குழவி, கோபம், நான் மேலே போனது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"எனக்கு மொதல்லயே தெரியுமே," என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"கோவத்துல தட்டுத சத்தம் எனக்குத் தெரியாதா? நான் தட்டுன ஒடனே மேல மிக்ஸி நிக்கும். பொறவு ஒரு அடி. ஒரு வாரத்துல புரிஞ்சிட்டு."

நான் இரண்டு வாரம் போனைச் சுவரில் ஒட்டிவைத்த கதையை நினைத்துக்கொண்டேன். பிறகு ஏன் தட்டிக்கொண்டே இருந்தாய் என்று கேட்டேன்.

"கோவக்காரின்னாலும் ஆளு ஆளுதானட்டி. திடுதிப்புன்னு நிறுத்திட்டா கீழ என்ன ஆச்சோன்னு அவளுக்கு இருக்கும்லா." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். "மூணு தட்டுத் தட்டிப் பாத்ததில்ல. அதுக்குத்தான் பயமா இருக்கு. தாராவில மூணு தட்டி ஒருத்தரும் வராம இருந்ததில்ல." சற்றுக் கழித்து, "மூணுக்கு என்னன்னு அவகிட்ட சொன்னியா?" என்றார்.

சொன்னேன் என்றேன். நல்லதாப் போச்சு என்றார். கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார். முடிவு எதில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கு அம்மா குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். கரண்டிக் காம்பு சுவரில் மூன்று முறை விழுந்தது. நான் மேலே கேட்கும் சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம். நன்றாக ஒரு நிமிடம் கழித்து ஒரு தட்டு வந்தது. ஒன்றே ஒன்று.

"கேட்டுச்சாம்," என்றார் அம்மா.

நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்ட் ஏறி வந்தது. கதவு திறந்தது. ஏஜென்ட். அவருக்குப் பின்னால் என் தோழி. இன்னொரு சாட்சி எங்கே என்று ஏஜென்ட் உட்காருவதற்கு முன்பே இந்தியில் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். "அவளுக்கு எறங்க முடியலையோ, மனசில்லையோ. இங்க இருந்துட்டு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, செருப்புப் போடாமல், லிஃப்டுக்கும் நிற்காமல், வலிக்கிற முழங்காலோடு படியேறிப் போனார். மேலே மணி அடித்தது கேட்டது. கதவு திறந்தது. சாத்திய சத்தம் கேட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏஜென்ட் லேப்டாப்பைத் திறந்து, மூடி, மணியைப் பார்த்தார். தோழிக்குத் தண்ணீர் கொடுத்தேன். நான் சமையலறைக்குப் போய் அந்தச் சுவரோடு காதை ஒட்டி நின்றேன். பதினோரு மாதத்தில் அம்மா இல்லாமல் நான் அங்கே நிற்பது அதுதான் முதல் முறை. இரண்டு குரல்கள் கேட்டன. சொற்கள் பிரியவில்லை, ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும். நடுவில் ஒருமுறை மிக்ஸி ஓடி நின்றது.

பிறகு மேலிருந்து தட்டு வந்தது. குழவியின் சத்தமேதான், ஆனால் அவசரமில்லாத கை, எனக்குத் தெரிந்த கை. ஒன்று. இரண்டு. மூன்று.

கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். முன்னறைக்கு வந்து, கைரேகைக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து மாடியில், இன்னொரு சாட்சி அங்கே இருக்கிறார் என்று ஏஜென்டிடம் சொன்னேன். ஏன் கீழே வர மாட்டாரா என்று அவர் கேட்டார். எதற்கு என்று கேட்கக் கூடாது என்றேன். அப்பா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.